கைப்பிடிக்குள் இருந்த ரப்பர் துண்டு

போன வாரம் பட்டறைக்கு வந்திருந்தேன். உங்களில் ஒருவர், பெயர் சொல்லமாட்டேன், பயப்பட வேண்டாம், வண்டி கொண்டுவந்த ஒரு மனிதரிடம், "அதெல்லாம் எனக்குத் தெரியும் சார், நீங்க விட்டுட்டுப் போங்க" என்று சொல்வது காதில் விழுந்தது. வந்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு எதற்கு வம்பு என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.  வேலையை விட்டவனுக்கு வாய் நீளக் கூடாது என்பது என் மனைவி கோமதி போட்டிருக்கும் சட்டம். ஆனால் கரோல் பாக்கிலிருந்து துவாரகா வரைக்கும் மெட்ரோவில் உட்கார்ந்து வந்த நேரமெல்லாம் எனக்கு மனசு ஆறவில்லை. ஏனென்றால் அந்த வசனம் உங்களுடையது இல்லை, என்னுடையது. அதை நான் சொன்னதால் ஒரு பெண்ணின் உயிர் ஒரு முழம் ரிப்பனில் தொங்கியது.

அதைத்தான் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. தில்லியில் பிறந்த பிள்ளைகள், என்ன செய்ய? தெரிந்தவர் தெரியாதவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். அப்போது நான் ஓர் அரசு அலுவலகத்தின் வண்டிப் பணிமனையில் மெக்கானிக். நீங்கள் வேலை செய்யும் இந்தப் பட்டறையெல்லாம் நான் ஓய்வு பெற்ற பிறகு ஆரம்பித்தது. கரோல் பாக்கில் ஒரு பின்சந்தில் கீழ்த்தள வீடு, இரண்டு அறை, நடுவில் பாய் விரிக்கிற அளவுக்கு ஒரு முற்றம். ஞாயிற்றுக்கிழமைகளிலும் லீவு நாட்களிலும் அந்த முற்றம்தான் என் தனி ராஜ்ஜியம். கோமதியின் மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒரு மூலையில், நான் கார்புரேட்டர் கழுவுகிற மண்ணெண்ணெய் தட்டு எதிர் மூலையில். "எங்க வீட்டு ரசத்துல பெருங்காயம் வாசனை வராது, கிரீஸ் வாசனைதான் வரும்" என்று அவள் அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

அந்தக் காலத்து டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு ஒரு பொது வியாதி உண்டு. ஆக்சிலேட்டரை முறுக்கினால் உடனே போகாது. ஒரு நொடி யோசிக்கும், முக்கும், பிறகு திடீரென்று குதிக்கும். நான் அந்த முக்கலை எடுப்பதில் பேர் வாங்கியவன். என் கையால் ஒரு தடவை போய் வந்த வண்டி, ரேஸ் கொடுத்தால் கொடுத்த அளவுக்குப் போகும், கூடவும் போகாது, குறையவும் போகாது. சர்தார்ஜிகள் லஜ்பத் நகரிலிருந்தெல்லாம் தேடி வருவார்கள். 'மெட்ராஸி மிஸ்திரி', அதாவது மதராஸ்கார மெக்கானிக், என்றால் தெருவில் பால்காரன்கூட வீட்டைக் காட்டுவான். தலையில் கனம் ஏற இதைவிட என்ன வேண்டும்? ஏறியது. நன்றாகவே ஏறியது.

நவராத்திரி நடந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. நிற்கிற வண்டியின் சத்தத்தை வைத்தே, 'ரேஸ் கால் பங்குக்கும் அரைப் பங்குக்கும் நடுவில் முக்குது' என்று உள்ளேயிருந்தபடி சொல்லிவிட்டேன். வெளியே வந்து பார்த்தால், சல்வார் கமீஸ் போட்ட ஒரு பெண். இருபத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. முழங்கையில் பழைய சிராய்ப்புத் தழும்புகள். தலையில் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய ஒற்றைப் பின்னல், அதன் நுனியில் சிவப்பு ரிப்பன்.

"நமஸ்தேண்ணா. மெட்ராஸி மிஸ்திரி நீங்கதானே? எம் பேரு பாக்கியம். மேளா போர்டுல ராணின்னு எழுதியிருக்கும். நான் மௌத் கா குவாவுல வண்டி ஓட்டுறேன்."

மரணக் கிணறு. மேளா என்கிற திருவிழாச் சந்தை நடக்கும் மைதானத்தில் பலகைகளை அடுக்கிக் கட்டுகிற, மூன்று ஆள் உயரத்துக்கு மேற்பட்ட வட்டமான மரக் கிணறு. அடியில் தரை, அதைச் சுற்றிக் கொஞ்சம் சாய்வு, அதற்குமேல் செங்குத்தான சுவர். அந்தச் சுவரில் மோட்டார் சைக்கிள் சுற்றிச் சுற்றி ஓடும். ஜனங்கள் மேலே விளிம்பில் நின்று எட்டிப் பார்ப்பார்கள். இதெல்லாம் எனக்குக் கேள்விப்பட்டுத் தெரியும். ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோமதிக்குத் தமிழ்க் குரல் கேட்டதும் கை கால் நிற்கவில்லை. பெண்ணை உட்காரவைத்துச் சுண்டல் கொடுத்து ஊர் விசாரித்தாள். விழுப்புரம் பக்கம். அப்பா அம்மா தில்லிக்குக் கட்டிட வேலைக்கு வந்து, ஜுக்கிக் குடிசையில் இவள் பிறந்து, இவளும் பன்னிரண்டு வயசிலிருந்து செங்கல் சுமந்து, பிறகு மேளாவில் டிக்கெட் கிழிக்கப் போய், அங்கே வண்டி பழகி, சுவரில் ஏறிவிட்டாள்.

"பயமா இல்லையா பிள்ள?" என்றாள் கோமதி.

"பயந்தான்க்கா. அதனாலதான் இன்னும் உசுரோட இருக்கேன்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, சாய்வுலேர்ந்து சுவத்துக்கு ஏறுற எடத்துல வண்டி முக்குது. போன வாரம் அங்கயே சறுக்கிட்டேன். எங்க மொதலாளி, மாலிக், பாத்துட்டாரு. தசரா மேளாவுல இன்னொரு தடவ முக்குனா, 'ராணி, நீ பழையபடி டிக்கெட் கிழி, சுவத்துக்கு வேற ஆளப் போட்டுக்கறேன்'னு சொல்லிட்டாரு. மாலிக் சொன்னா சொன்னதுதான், பஸ், அவ்ளோதான்."

"டிக்கெட் கிழிச்சா என்ன? உசுரு பத்திரமா இருக்கும்லா?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இவருக்கு எப்படிச் சொல்வது என்கிற மாதிரி இருந்தது. "செங்கல் சுமந்த தலைண்ணா இது. எல்லாரும் என்னக் கீழா நெனச்சுதான் எங்கிட்ட பேசுவாங்க. அந்த ஒரு எடத்துலதான் நான் ஓட்டுறத மூச்ச புடிச்சுக்கிட்டுப் பாக்குறாங்க. அத விட்டுட்டு எறங்க மனசு வரல."

சரி, நவமியன்று மத்தியானம் வண்டி ரெடி, நானே மேளாவுக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். அவள் எழுந்தாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள்.

"இன்னொண்ணுண்ணா. அந்தக் கைப்பிடி..."

"அதெல்லாம் எனக்குத் தெரியும்மா. நீ விட்டுட்டுப் போ."

"இல்லண்ணா, அதுக்குள்ள..."

"இருபது வருசமா இதே வேலைதான் பாக்குதேன். உன் வண்டி எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லும். இப்படி நின்னு பேசிக்கிட்டிருந்தா நான் எப்ப வேலைய ஆரம்பிக்க?"

அவள் போய்விட்டாள். கோமதி கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். "ஏங்க, அந்தப் பிள்ள என்னமோ சொல்ல வந்துச்சே, முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கிட்டியளே" என்றாள். நீ அடுப்பைப் பார் என்று அவளையும் விரட்டினேன்.

வேலையைப் பற்றி உங்களிடம் விவரிக்கப் போவதில்லை, நீங்கள் தினமும் செய்வதுதான். ஒன்று மட்டும். கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே காற்றும் பெட்ரோலும் போகிற வழியில் விரலை விட்டுத் தடவினால் இரண்டும் சேர்கிற இடத்தில் ஒரு திட்டு தட்டுப்பட்டது. நகத்தின் கனம்கூட இருக்காது. அந்தத் திட்டில் மோதி மோதித்தான் இன்ஜின் மூச்சுத் திணறியிருக்கிறது. சின்ன அரத்தையும் எமரித் தாளையும் வைத்துக்கொண்டு மூன்று சாயங்காலம் உட்கார்ந்து இழைத்தேன். தடவினால் எங்கே ஒன்று முடிகிறது, எங்கே மற்றொன்று தொடங்குகிறது என்று விரலுக்கே தெரியவில்லை. அதற்கேற்ற மாதிரி கார்புரேட்டரையும் திருத்தினேன்.

கடைசியாகக் கைப்பிடிக்கு வந்தேன். ஆக்சிலேட்டர் ரொம்ப இறுக்கமாகத் திரும்பியது. கையை எடுத்தால் விட்ட இடத்திலேயே நின்றது. கழற்றிப் பார்த்தால் உள்ளே, சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ஒரு ரப்பர் துண்டு திணித்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. அரைகுறை மிஸ்திரி எவனோ கைப்பிடி லொடலொடவென்று ஆடாமலிருக்க வைத்திருக்கிறான் என்று அதை எடுத்துக் குப்பையில் போட்டேன். குழாயைத் துடைத்து, கிரீஸ் வைத்து, நல்ல ஸ்பிரிங் ஒன்றும் போட்டேன். இப்போது கையை விட்டால் பட்டென்று மூடிக்கொண்டது. ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு அதுதானே உயிர்? பதறிப்போய்க் கையை விட்டாலும் வண்டி அடங்கிவிட வேண்டும். உங்களுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எனக்கும் அதில் ஒரு துளிச் சந்தேகம் வரவில்லை.

நவமி காலையில் புசா ரோடு தாண்டி ரிட்ஜ் குன்றின் ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தேன். அடேயப்பா! முக்கல் என்பது அந்த வண்டிக்கு மறந்தே போயிருந்தது. மணிக்கட்டை ஒரு இழை திருப்பினால் ஒரு இழை வேகம். ஏற்றத்தின் நடுவில் என்னையறியாமல் 'சபாஷ்டா' என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து ஆயுத பூஜை. நம் தொழில்காரர்களுக்கு அது என்ன நாள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். ஸ்பேனர், அரம், சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துப் பலகையில் அடுக்கினேன். சட்டைப் பையில் எப்போதும் கிடக்கிற குட்டி ஸ்க்ரூ டிரைவரைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். வைத்தால் வைத்ததுதான். மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூஜை போட்டு எடுக்கிறவரை தொடக் கூடாது. வண்டிக்கும் மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கிளப்பினேன். கோமதி பட்டுப் புடவையோடு பின்னால் ஏறிக்கொண்டாள்.

பழைய தில்லிப் பக்கம் மேளா மைதானம். ராமலீலா ஊர்வலத்தில் மாட்டிக்கொண்டு, போய்ச் சேர்வதற்குள் சாயங்காலம் ஐந்து மணி ஆகிவிட்டது. மேலே விளிம்பில் ஜனம் நிரம்பி வழிகிறது. மாலிக் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ராணி ஆ ரஹி ஹை! பினா ஹாத்! பினா ஹாத்!" என்று கத்திக்கொண்டிருக்கிறார். ராணி வருகிறாள் என்கிறார், பினா ஹாத் என்றால் கை இல்லாமல். அது என் காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை.

கிணற்றின் அடியில் இருக்கிற சின்னக் கதவு வழியாக வண்டியை உள்ளே தள்ளினோம். பாக்கியம் சிவப்புச் சட்டை போட்டுத் தயாராக நின்றாள். ஏறி உட்கார்ந்து, கிளப்பி, முறுக்கினாள். முகம் மலர்ந்தது. "வாஹ் அண்ணா! என்ன பண்ணீங்க? தண்ணி மாதிரி போவுது!" அப்புறம் கையை எடுத்தாள். ரேஸ் பட்டென்று இறங்கியது. மறுபடி முறுக்கினாள், எடுத்தாள். பட். முகம் மாறியது.

"அண்ணா, இதுக்குள்ள ஒரு ரப்பர் இருந்துச்சே?"

"அத எடுத்து எறிஞ்சிட்டேன்மா. யாரோ விவரம் கெட்டவன் வச்சிருக்கான்."

"நான்தாண்ணா வெச்சேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் நிதானமாக, குழந்தைக்குச் சொல்வது மாதிரி சொன்னாள். "சுவத்துல சுத்தும்போது ரெண்டு கையையும் விட்டுருவேன். ரேஸ் விட்ட எடத்துலயே நிக்கணும். இது மூடிக்கிச்சுன்னா வேகம் போயிரும். வேகம் போனா சுவரு புடிச்சு வெச்சுக்காது."

 பினா ஹாத்! இரண்டு கையும் விட்டு, சுவரில்! ஐயோ, இதைத்தானே அவள் வாசலில் திரும்பி வந்து சொல்லப் பார்த்தாள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நான் அடுத்தவள் காலையல்லவா விட்டிருக்கிறேன்!

"ரெண்டே நிமிசம்மா, கழத்தி..." என்று சட்டைப் பையில் கையை விட்டேன். பை காலி. என் ஆயுதங்கள் எல்லாம் சந்தனப் பொட்டோடு கரோல் பாக்கில் இருக்கின்றன. "உங்க டூல் பெட்டி?" அவள் மூலையைக் காட்டினாள். கிணற்றுப் பலகைகளை முடுக்குகிற ஒரு பெரிய ஸ்பேனரும் ஒரு சம்மட்டியும்தான் கிடந்தன. அதை வைத்துக் கைப்பிடியைத் திறக்க முடியாது, உடைக்கத்தான் முடியும். சரி, முன் ஆட்டத்தில் ஓட்டின ஆளின் வண்டி நிற்கிறதே, அதை எடுத்துக்கொள்ளேன் என்றேன்.

"அடுத்தவங்க செருப்பு மாதிரிண்ணா அது. தரையில நடக்கலாம். சுவத்துல ஏற முடியாது."

மேலே விசில் பறந்தது. "ஜல்தி கரோ ராணி!" என்று மாலிக் அவசரப்படுத்தினார். நான் சொன்னேன்: "நீ ஏற வேண்டாம். நான் மாலிக்கிட்ட போய்ச் சொல்லுதேன். தப்பு என்னோடது, அந்தப் பிள்ளையோடது இல்லன்னு கால்ல விழுந்தாவது சொல்லுதேன்." நிஜமாகவே கிளம்பிவிட்டேன். அவள் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அண்ணா, நீங்க வண்டியப் பாக்க வந்தவரு. ஏறுறதா வேணாமான்னு பாக்கறது என் வேலை." கோபமே இல்லாமல் சொன்னாள். ஒரு நொடி கண்ணை மூடினாள். பிறகு பின்னலை முன்னால் இழுத்து ரிப்பனை அவிழ்த்தாள். "கைப்பிடி முடியுற எடத்துல, இந்தச் சந்துக்குள்ள இத இறுக்கிச் சுத்துனா புடிக்குமா? ரொம்ப இறுகவும் கூடாது. வேணுங்கறப்போ நான் ரேஸ குறைக்கணும்."

பிடிக்கும். அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ரிப்பனை வாங்கிச் சுற்றப் போனேன், ஸ்பேனர் பிடித்துப் பழகிய விரல்களில் நிற்காமல் இரண்டு தடவை கீழே விழுந்தது. "தள்ளுங்க அங்கிட்டு" என்று கோமதி என்னை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். வருஷக்கணக்காகப் பின்னல் போடுகிற கை. சுற்று மேல் சுற்றாக இழுத்துச் சுற்றினாள். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். பாக்கியம் முறுக்கிப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். "இன்னும் ஒரு சுத்துக்கா... இன்னும்... ஐயோ ஜாஸ்தி, ஒண்ணு அவுருங்க... ம், பஸ், போதும்." வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வண்டி விஷயத்தில் நான் வாயைத் திறக்காமல் நின்றேன்.

"கீழ சாய்வுல ரெண்டு சுத்து பாப்பேன். கட்டு நிக்கலன்னா ஏறமாட்டேன், மாலிக் என்ன சொன்னாலும் சரி" என்றாள் பாக்கியம். "கிரீஸ் வெச்சிருக்கீங்கல்ல, அது ரிப்பன நனைக்கும். அண்ணா, நீங்க மேல கதவுக்கு நேரா நில்லுங்க. ரிப்பன் அவுந்து வால் பறந்தா எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். கைய தூக்குங்க."

பார்த்தீர்களா? அவளை வில்லங்கத்தில் மாட்டிவிட்டவனையே காவலுக்கு நிறுத்துகிறாள். யாரால் முடியும் அது?

நானும் கோமதியும் ஏணியேறி மேலே போய் நின்றோம். கீழே கதவை மூடினார்கள். பாக்கியம் சாய்வில் ஒரு சுற்று வந்தாள். அடுத்த சுற்றில் கையைக் கொஞ்சம் எடுத்தாள். ரேஸ் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு சாய்வும் சுவரும் சேர்கிற அந்த இடத்துக்கு வந்தாள். போன வாரம் சறுக்கிய இடம். கோமதி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்தது. பாக்கியம் முறுக்கினாள். இன்ஜின் யோசிக்கவே இல்லை. ஏறிவிட்டாள்.

அம்மாடியோ! அதை எப்படி எழுதுவேன்! வண்டி சுவரில் படுத்துக்கொண்டு ஓடுகிறது. அவள் தலை கிணற்றின் நடுப்புறம் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் பலகைகள் தடதடவென்று அதிர்ந்து அந்த அதிர்ச்சி நம் முழங்காலுக்கு ஏறுகிறது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம் என்கிற தூரத்தில் விளிம்புக்கு வருகிறாள், போகிறாள், வருகிறாள். அவள் முகத்தில் சிரிப்பும் இல்லை, பயமும் இல்லை. கோமதி அரிசியில் கல் பொறுக்கும்போது முகம் எப்படியிருக்குமோ அப்படி இருந்தது.

இடது கையை எடுத்தாள். பிறகு வலது கையை. இரண்டையும் விரித்தாள்.

நான் குதுப் மினாரைப் பார்த்திருக்கிறேன், தாஜ்மகாலைப் பார்த்திருக்கிறேன். வாய் பிளந்து நின்றது அங்கேதான். இருபது வருஷமாக ஆக்சிலேட்டர் என்பது கையால் பிடிக்கிற சமாச்சாரம் என்று நினைத்திருந்தவன் நான். இங்கே ஒருத்தி, இன்ஜின் கொடுத்த வாக்கை நம்பி அந்தக் கையையே எடுத்துவிட்டு ஆகாசத்தில் நிற்கிறாள். நான் மூன்று சாயங்காலம் இழைத்ததெல்லாம் இதற்குத்தான் என்பது அதுவரை எனக்கே தெரியாது. கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அப்படியே கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

ஒரு சுற்று. இரண்டு. மூன்று. நாலாவது சுற்றில் அவள் எங்கள் காலடியைத் தாண்டும்போது, கைப்பிடியிலிருந்து சிவப்பாக ஒரு வால் பறந்தது.

இன்ஜின் சத்தம் ஒரு இழை இறங்கியது. சுற்றியிருந்த ஜனத்துக்கு அது கேட்டிருக்காது, எனக்குக் கேட்டது. கையைத் தூக்கினேன். என் கை தோளைத் தாண்டுவதற்குள் அவள் வேலை முடிந்திருந்தது. பதறிக் கைப்பிடியைப் பிடிக்கவில்லை. அப்படிப் பிடித்திருந்தால் வண்டி வெட்டிக்கொண்டு கீழே போயிருக்கும். விரித்த கையை விரித்தபடியே வைத்துக்கொண்டு, உடம்பைச் சாய்த்து வண்டியை ஒரு முழம் கீழே இறக்கினாள். இறங்குகிற சரிவில் போன வேகம் திரும்பக் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் வலது கை மெல்ல வந்து கைப்பிடியில் உட்கார்ந்து முறுக்கியது. இன்ஜின் உடனே எடுத்தது. அது மட்டும் பழையபடி ஒரு நொடி முக்கியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். வண்டி திரும்ப மேலே ஏறியது. இதுவும் ஒரு வித்தை என்று நினைத்துக்கொண்டு ஜனம் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கைதட்டியது.

மறுநாள் விஜயதசமி. காலையில் மறுபூஜை முடிந்ததும் முதல் வேலையாகக் குப்பையில் தேடி அந்த ரப்பரைக் கண்டுபிடித்து, கழுவி, மேளாவுக்குக் கொண்டுபோய் அவள் கைப்பிடிக்குள் திரும்ப வைத்தேன். அதற்கப்புறம் அவள் பல வருஷம் சுவரில் ஓட்டினாள், மாலிக் டிக்கெட் பேச்சையே எடுக்கவில்லை. இதையெல்லாம் இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். கடைசியில் சொல்ல வேண்டியது வேறொன்று இருக்கிறது.

நவமியன்று ஆட்டம் முடிந்து அவள் தரைக்கு வந்ததும் நான் ஏணியில் விழுந்தடித்து இறங்கி ஓடினேன். அவள் அப்போதுதான் வண்டியை விட்டு இறங்கினாள். கோமதி ஓடிப்போய் அவளை உட்காரவைத்து அவள் கைகளைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் எதிரே நின்றேன்.  மேளா இரைச்சலில் அவள்தான் முதலில் பேசினாள்.

"வண்டி அருமையா இருக்குண்ணா. அந்த எடத்துல அது உடனே எடுக்கலன்னா நான் இப்ப உங்ககூட பேசிக்கிட்டிருக்க மாட்டேன்."

"என்னைப் புகழாதம்மா, தாங்க முடியல."

"சரி, புகழல." சிரித்தாள். "இப்பவாச்சும் அன்னைக்கு நான் சொல்ல வந்தத சொல்லட்டுமா?"

நான் அந்த மரத்தூள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். "சொல்லும்மா."

"கைப்பிடிக்குள்ள ஒரு ரப்பர் வெச்சிருக்கேண்ணா. கைய விட்டாலும் ரேஸ் அப்படியே நிக்கணும். அத மட்டும் எடுத்துராதீங்க. மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

அவ்வளவுதான். சொல்லி முடிக்க அவளுக்குக் கால் நிமிடம்கூட ஆகவில்லை.